ஹெரால்டு ஒழுகும் இடம்

செப்டம்பர் 29

எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாட்குறிப்பு வைத்துக்கொள்ளும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் இன்று வர்க்‌ஷாப்பில் சொல்ல வேண்டிய நான்கு வார்த்தைகளைச் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவை தொண்டையிலேயே நின்றன. எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

நான் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சரிசெய்யும் தனசேகர் சாரின் வர்க்‌ஷாப்பில் இன்ஜினியர் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த நாளிலிருந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன், வருகிறவர்களுக்கு டீ சொல்கிறேன். ஸ்பேனர் பிடிக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்கும்மா, நகமெல்லாம் கருப்பாயிரும்" என்றார் சார்.

இன்று ஜெகதீசன் ஐயா வீட்டு ஹெரால்டு வந்தது. அறுபதுகளில் வாங்கிய வண்டி, வெளிர்ப் பச்சை. ஓட்டிவந்தது என் அப்பா ஆறுச்சாமி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா அந்த வீட்டு டிரைவர். எனக்கு இந்த வேலை கிடைத்ததே ஐயா ஒரு போன் போட்டதால்தான். ஐப்பசியில் ஐயா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெரால்டுதான், ஓட்டப்போவது அப்பாதான். அதற்காக வெள்ளைச் சட்டை புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறார். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் ஆயிலும் தண்ணீரும் சொட்டுகிறது, அதைச் சரிசெய்யத்தான் கொண்டுவந்தார்.

"என்ற புள்ள இங்கதானுங்க இன்ஜினியர்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். நான் அப்போது டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்தார். பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போல இல்லை. மூக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மீதே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு திறந்த வண்டி. சின்னராசு அண்ணன் குனிந்து பார்த்தார். அவர் ஹெட் மெக்கானிக், சாரின் மச்சான். இன்ஜினின் பின்புறம் அடியில் கை வைத்துத் தடவிவிட்டு, "ஆயிலத் தடுக்கற பின் சீல் போச்சு. இன்ஜினை இறக்கோணும்" என்றார்.

நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் இன்ஜினின் பின்னங்கழுத்திலிருந்தே இறங்கியிருந்தது. சொல்ல நினைத்தது இதுதான்: எண்ணெய் மேலிருந்து வருதுங்க அண்ணா.

செப்டம்பர் 30

இன்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குரல் கீச்சென்று வந்தது.

சின்னராசு அண்ணன் சிரித்தார். "சரி அம்மிணி, நீயே காட்டு. மத்தியானம் சாப்புட்டு வர்றவரைக்கும் வண்டி உன்றது."

இன்ஜினை டீசல் போட்டுக் கழுவினேன். துடைத்துக் காயவிட்டேன். பிறகு என் கைப்பையிலிருந்த முகப் பவுடரை எடுத்து, இன்ஜினின் மேலும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லிசாகத் தூவினேன். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"என்னம்மா, வண்டியப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"கண்ணுக்கு மை வெக்கறதுக்கு மறந்துட்டியே."

என் காது சுட்டது. தலை நிமிரவில்லை. இன்ஜினை ஓடவிட்டேன். சூடேறக் காத்திருந்தேன். வெள்ளைப் பவுடரில் ஒரு கருப்புக் கோடு இறங்கியது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின் மூலையில் தொடங்கி, இன்ஜினின் முதுகு வழியாக அடிவரைக்கும். பின் சீல் இருக்கும் இடத்துக்கு அது கடைசியில்தான் வந்து சேர்ந்தது. யாரோ முன்பு கவரை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள். தகடு வளைந்து, அதன் அடியில் ஒழுகாமல் இருக்க வைக்கும் கார்க் பேக்கிங் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. தண்ணீர் வாட்டர் பம்ப்பிலிருந்து, அதன் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகச் சொட்டியது. பம்ப்புக்குள்ளே சீல் தேய்ந்தால் அது வழியாகத்தான் தெரியும்.

கேலி பேசியவர்கள் கலைந்துபோனார்கள். சின்னராசு அண்ணன் மட்டும் பவுடர் டப்பாவை எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. வர்க்‌ஷாப் முழுக்கக் கழுவல். இங்கே ஆயில் வகை எல்லாம் பழைய தண்ணீர் பாட்டில்களில்தான் இருக்கும். பெயர் எழுதுவதில்லை, மூடி நிறம்தான் அடையாளம். பச்சை மூடி பிரேக் ஆயில். நீல மூடி வண்டியைத் தூக்கும் ஜாக்கியில் ஊற்றுகிற ஆயில். இரண்டும் பார்வைக்குத் தேன் மாதிரி ஒரே நிறம். பெயர் எழுதி ஒட்டட்டுமா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "எங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள்.

இன்று மூடிகளையெல்லாம் கழற்றி ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பாட்டில்களை வெளிப்புறம் துடைத்து, சின்னராசு அண்ணன் திரும்ப மூடி அடுக்கினார். நான் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வாசலில் கோலமும் நான்தான். ஹெரால்டுக்குச் செவ்வந்தி மாலை.

அக்டோபர் 3

கவரின் விளிம்பை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி நேராக்கினேன். புது கார்க் போட்டு, போல்ட்டுகளைக் கை இறுக்கத்துக்கு மட்டும் முடுக்கினேன். பம்ப்புக்குப் புது சீல். மாலை வரை இன்ஜின் ஓடியது. அடியில் விரித்த அட்டை காய்ந்தே இருந்தது.

தனசேகர் சார் ஜெகதீசன் ஐயாவுக்குப் போன் செய்தார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இன்ஜினை இறக்காமயே நம்ம சின்னராசு கண்டுபிடிச்சுட்டாப்லீங்க. அவனுக்கு அதுல ஒரு கண்ணு இருக்குதுங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா பாக்கற? நீ புதுசு. உன்ற பேரச் சொன்னா கஸ்டமருக்குப் பயம் வரும்."

சரிங்க சார் என்றேன். என்னை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அக்டோபர் 6

பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்கள். சின்னராசு அண்ணன் பார்த்தார். பழைய பிரேக் ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினார். எனக்கு இன்று முழுக்கப் போன்.

அக்டோபர் 9

அப்பா வந்து வண்டியை எடுத்துப் போனார். வண்டியடியில் ஒரு சொட்டுகூட இல்லை. "யாரு பாத்தது கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். சின்னராசு அண்ணன் என்று சொன்னேன். அப்பா முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போனது. அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 16

இன்று மதியம் மேம்பாலத்து இறக்கத்தில் ஹெரால்டின் பிரேக் பெடல் தரைவரைக்கும் இறங்கிவிட்டது. அப்பா கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நடுச்சுவரில் உரசி நிறுத்தியிருக்கிறார். முன் விளக்கு உடைந்தது. அப்பாவுக்கு ஒன்றுமில்லை.

நான் இப்படி வரிசையாக எழுதுகிறேன். ஆனால் கயிறு கட்டி இழுத்துவந்த வண்டியிலிருந்து அவர் இறங்கியபோது கார் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார், விடவில்லை. "ரெண்டு நாளாவே வண்டி தானா உருளாமப் புடிச்சுப் புடிச்சு நின்னுதுங்க. வீல் எல்லாம் சுட்டுது. புது வேலை, அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார் சாரிடம். ஏதோ அவர்தான் தப்புச் செய்த மாதிரி.

மாப்பிள்ளை அழைப்பில் இந்த வண்டிக்கு முன்னால் மேளக்காரர்கள் நடப்பார்கள். குழந்தைகள் ஆடிக்கொண்டு போவார்கள்.

பானெட்டைக் கவிழ்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே தகடு முழுக்க ஈரம். சிலிண்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் கப்பை எடுத்தேன். ஊறிப் பெருத்து, விரலால் அழுத்தினால் பிய்ந்து வந்தது. புதுக் கப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வடைக்குப் பக்கத்தில் இட்லி மாதிரி இருந்தது. பிரேக் ஆயிலில் ரப்பர் இப்படி ஆகாது. ஜாக்கி ஆயிலில் ஆகும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் வண்டியிலிருந்த ஆயிலை விட்டேன். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். இது மேலே படலமாக மிதந்தது. அலமாரிக்குப் போய்ப் பச்சை மூடி பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து விட்டேன். அதுவும் மிதந்தது. நீல மூடி பாட்டிலில் இருந்தது கரைந்தது.

இரண்டு பாட்டிலிலும் நான் வைத்த சந்தனம் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடிகள் பூஜை அன்றைக்கே மாறியிருக்கின்றன.

சின்னராசு அண்ணனிடம் டம்ளரைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. போய் சாரைக் கூட்டிவந்தார். சார் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டம்ளரை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினார்.

"இது நமக்குள்ள இருக்கட்டும்."

அக்டோபர் 18

ஜெகதீசன் ஐயா வர்க்‌ஷாப்புக்கே வந்தார். அப்பா ஓரடி பின்னால் நின்றார். சார் பிய்ந்த ரப்பரைத் தட்டில் வைத்துக் காட்டினார், ஏதோ ஆபரேஷன் செய்து எடுத்த மாதிரி.

"தப்பான ஆயில் எறங்கியிருக்குதுங்க. நாங்க குடுக்கறப்ப சுத்தமா இருந்துது. அதுக்கப்பறம் யாராச்சும் ஊத்துனாங்களான்னு நீங்கதான் கேக்கோணும்."

ஐயா திரும்பினார். "ஆறுச்சாமி?"

நான் கண்ணாடி அறையிலிருந்து எழுந்துவிட்டேன். அப்பா இல்லீங்க என்று சொன்னதும் வெளியே வந்து நானும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்பா ஆரம்பித்தால் போதும் என்று நினைத்தேன்.

"ஆமாங்க" என்றார் அப்பா. "கொறைஞ்சாப்பல இருந்துச்சுங்க. வீட்டுல கெடந்தத நாந்தானுங்க ஊத்துனேன். தப்புங்க."

ஐயா திட்டவில்லை. அதுதான் மோசம். "உன்னை நம்பித்தான ஆறுச்சாமி மாப்பிள்ளைய உக்கார வெக்க இருந்தேன்" என்றார். கையை நீட்டினார். அப்பா சாவியைக் கொடுத்தார். கல்யாணம் முடியும்வரை வேறு டிரைவர் வருவார், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் "பிறகு பார்க்கலாம்" என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா போகும்போது சாரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டார். அவரைப் பார்த்து.

நான் வீட்டுக்கு வந்து அவரிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டார் அம்மா. எனக்கு எதிரே அப்பா சாதத்தைப் பிசையும் சத்தமே பிடிக்கவில்லை. ஹெரால்டின் பானெட்டைத் திறக்கக்கூட அவர் விரும்பமாட்டார், கீறல் விழும் என்று பயம். இவரா ஆயில் ஊற்றினார்? வாழ்நாள் முழுக்கச் சரிங்க, ஆமாங்க. செய்யாததற்குமா ஆமாங்க?

அக்டோபர் 20

தீபாவளி. அப்பா ஒவ்வொரு வருடமும் விடிந்ததும் ஐயா வீட்டுக்குப் போவார். இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, துணி மாற்றி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தையல்காரர் கொடுத்த வெள்ளைச் சட்டை கவர் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

நான் அடுப்படியில் அம்மாவிடம் கத்தினேன். அவருக்கு முதுகெலும்பு இல்லை என்று சொன்னேன். அம்மா முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியை வைத்தார்.

"உன்ற மொதலாளி பதினேழாந் தேதி உங்கப்பனை டீக்கடைக்குக் கூப்புட்டுச் சொன்னாராம். பூசையன்னிக்குப் பாட்டிலெல்லாம் கழுவி மூடுனது உங்க பொண்ணுதான்னு ஐயாகிட்டச் சொல்ல வேண்டி வரும்னு. கோயமுத்தூர்ல இருக்கற வர்க்‌ஷாப் பூரா தெரிஞ்சா அப்பறம் எவன் வேலை குடுப்பான்னு. டிரைவர் ஊத்துனதா இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னாராம்."

"நான் சந்தனம்தானம்மா வெச்சேன்."

"அது உங்கப்பனுக்கு எப்பிடித் தெரியும்? நீதான் ஒண்ணும் பேசறதில்லையே."

யாருக்கும் ஒன்றும் ஆகாது. அப்பா யாருமில்லை போலிருக்கிறது.

முறுக்கு தீய்ந்துவிட்டது.

அக்டோபர் 22

காலையில் வர்க்‌ஷாப்புக்குப் போகாமல் ஜெகதீசன் ஐயா வீட்டுக்குப் போனேன். கைப்பையில், நேற்றே அலமாரியிலிருந்து எடுத்துவைத்த இரண்டு பாட்டில்கள். வேலைக்காரர்கள் வரும் பக்கவாட்டுக் கதவுதான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன கதவு. இன்று முன்வாசலில் போய் நின்றேன்.

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் கேட்டேன். ஐயா குடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்தார். அவர் முன்னால் ஒன்றில் பச்சை மூடி, ஒன்றில் நீல மூடி. ஒன்று மிதந்தது, ஒன்று கரைந்தது. மூடி மாறிய கதையைச் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை வரிசை தவறியது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

ஐயா குனிந்து டம்ளர்களை வெகுநேரம் பார்த்தார்.

"புரியுது அம்மிணி. பாட்டில் மாறியிருக்குது. ஆனா ஆறுச்சாமி ஊத்துனேன்னு அவரு வாயால சொன்னாரே. அவரு என்கிட்டப் பொய் சொன்னாருங்கறியா?"

ஆமாம் என்று சொன்னால் அப்பா பொய்யர். இல்லை என்று சொன்னால் அப்பா குற்றவாளி.

"எனக்காகச் சொன்னாருங்க" என்றேன் கடைசியில்.

"எல்லாப் பிள்ளைகளும் அப்பனுக்காக வந்து பேசத்தான் செய்யும்." கோபமாகச் சொல்லவில்லை. "அவர் வந்து சொல்லட்டும். கேட்டுக்கறேன்."

வெளியே வந்தபோது டம்ளர்களை எடுத்துப் போன வேலைக்கார அம்மா, ஆயில் ஒட்டியதைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அக்டோபர் 23

தனசேகர் சாருக்குத் தெரிந்துவிட்டது. கத்துவார் என்று பார்த்தேன். சிரித்தார். "உங்கப்பனே ஒத்துக்கிட்டாச்சு. இனி நீ யாருகிட்டப் போயி என்ன சொன்னா என்ன? ஹெரால்டை முடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்பு. சின்னராசு கை வெக்க மாட்டேங்கறான்."

அது உண்மை. சின்னராசு அண்ணன் அந்த வண்டிப் பக்கமே வருவதில்லை. மதியம் தானாக வந்து டயர் மேல் உட்கார்ந்தார்.

"மூடி போட்டது நாந்தான். எனக்குத் தெரியாமயா இருக்குது?"

"அப்ப ஐயாகிட்டச் சொல்லுங்கண்ணா."

"என்ற அக்கா நம்ம மொதலாளி வீட்டுல வாழ்றா, அம்மிணி." கொஞ்ச நேரம் விரல் நகத்தைச் சுரண்டினார். "ஆறுச்சாமி அண்ணன் ஊத்தலைன்னு சொன்னா, நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

கோபத்தில் ஸ்பேனரைத் தரையில் போட்டேன். எல்லோரும் இன்னொருவர் முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள். நானும் அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதைத்தான் செய்தேன்.

அக்டோபர் 24

நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்மையும் கழற்றினேன். ஒவ்வொரு சக்கரத்திலும் ரப்பர் ஊறியிருந்தது. அத்தனையும் மாற்றினேன். குழாய்களில் ஸ்பிரிட் விட்டுக் கழுவினேன், ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தங்கக் கூடாது. ஜாக்கி ஆயில் பட்ட ரப்பர் ஹோஸையும் தூக்கிப் போட்டேன். சீல் பிரிக்காத டின்னை என் கையால் உடைத்துப் புது பிரேக் ஆயில் ஊற்றினேன். காற்று வெளியேறும்வரை பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது சின்னராசு அண்ணன். நான் கேட்கவில்லை, அவராகவே வந்து உட்கார்ந்தார்.

பெடல் பாதி தூரத்திலேயே கல்லு மாதிரி நின்றது. மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே தகடு காய்ந்திருந்தது. விளக்கும் மாட்டியாயிற்று.

அக்டோபர் 25

வண்டியை ஐயா வீட்டுக்குப் புது டிரைவர் எடுத்துப் போனார். நான் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேலை போய்விட்டது. தனசேகர் சார் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே போவதற்கு என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளாகப் பேசாதவள் உட்கார்ந்ததும் கை நின்றது, மறுபடி தேய்த்தார்.

"பிரேக் நல்லாப் புடிக்குதா கண்ணு?"

"புடிக்குதுங்கப்பா. நான்தான் செஞ்சேன். முன்னாடி ஆயில் ஒழுகினதை நிறுத்துனதும் நான்தான்."

"தெரியும்" என்றார். "பவுடர் வாசம் அடிச்சுது."

சிரிப்பு வரவில்லை. அவர் மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை. எனக்காகச் செய்தார் என்று தெரிந்த பிறகு அது அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது. பாட்டில்களை மூடியது நான்தானா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைச் சொன்னேன். ஐயா வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். டீக்கடையில் நடந்தது தெரியும் என்று சொன்னேன். வேலை போனதையும் சொன்னேன். அப்பா பாலிஷ் டப்பாவை மூடினார், திறந்தார், மூடினார்.

"உன்ற வேலைக்காகத்தான் சாமி சொன்னேன். அதுவே போயிருச்சா?"

"போனா போகட்டும்."

"இப்பப் போயி மாத்திச் சொன்னா, ஐயா மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?"

இதைக் கேட்டுவிடுவார் என்றுதான் ஐயா வீட்டுக்குப் போய்வந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தேன். அவர் அந்த வீட்டில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சொன்னது ஒன்றே ஒன்று, அது எனக்காக. அதைப் பொய் என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். என்னால் ரப்பர் மாற்ற முடியும், குழாய் கழுவ முடியும். இதை அவர் மட்டும்தான் செய்ய முடியும்.

"அப்பா, நாளைக்குக் காலைல என்கூட வாங்க. முன்வாசல்லயே போவோம். 'நான் ஊத்தலைங்க'ன்னு அவருகிட்டச் சொல்லுங்க."